ஒற்றை விசில்

கோழிக்குஞ்சுகளைக் கூட்டுக்குள் போகவைப்பது இவ்வளவு பெரிய வித்தை என்று கண்டக்டர் முதல் நாள் நினைக்கவில்லை. முப்பது வருஷம் ஜனங்களை பஸ்ஸுக்குள் தள்ளியவர் அவர். படியில் தொங்குகிறவனை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவனை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று ஆறு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவனை, எல்லாரையும் ஒரே அதட்டலில் உள்ளே அனுப்பியவர். அவருக்குப் பதினான்கு குஞ்சுகள் எம்மாத்திரம்?

"நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா வேலைக்குப் போ" என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

குஞ்சுகளை வாங்கியவள் மருமகள்தான். மருந்துக்கடையில் வேலை, வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். அட்டைப்பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுகள் பத்து வாரத்தில் புறா அளவுக்கு ஆனதும், கொல்லையில் கம்பிவலை அடித்த மரக்கூடு ஒன்றைச் செய்யச்சொல்லி அதில் விட்டாள். "அஞ்சு நாள் உள்ளேயே அடைச்சு வைக்கணும் மாமா. அப்பத்தான் இதுதான் வீடுன்னு மனசுல பதியும்" என்றாள். ஆறாம் நாள் காலையில் கூட்டைத் திறந்துவிட்டு அவள் கடைக்குப் போனாள். பகல் முழுக்கக் குஞ்சுகள் மண்ணைக் கிளறிக்கொண்டு சமர்த்தாகத் திரிந்தன. பொழுது சாய்ந்ததும்தான் கூத்து ஆரம்பித்தது.

கூட்டு வாசலில் ஏறிப்போக ஒரு சாய்ப்பலகை இருந்தது. பதினான்கும் அந்தப் பலகை வரைக்கும் ஒழுங்காக வந்தன. வந்து, பலகையில் நாலு, பலகைக்குப் பக்கத்தில் பத்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. உள்ளே ஒன்றுகூடப் போகவில்லை.

கண்டக்டருக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "உள்ள போ, உள்ள போ! உள்ள இவ்ளோ இடம் காலியா கெடக்குதில்ல, படியில நின்னு என்ன பண்ற? ஏய், கறுப்பு! உன்னைத்தான். முன்னாடி நகரு!"

மாடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து குரலும் வந்தது.

"பாத்துய்யா. ஏறி முடிக்கறதுக்குள்ள ரெண்டு விசில் குடுத்துடப் போறே."

கண்டக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கொலை விழும் என்று அவருக்குத் தெரியும். மாடிப் பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மருமகளின் அப்பா. முறைப்படி சம்பந்தி. ஆனால் அந்த வார்த்தை இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒருநாளும் வந்ததில்லை. இவருக்கு அவர் 'அந்த டிரைவர்'. அவருக்கு இவர் 'அந்தக் கண்டக்டர்'. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம் என்று சொன்னால், அது ரொம்ப மரியாதையாகச் சொன்னதாகும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே பஸ்ஸில் நாலு மாதம் வேலை பார்த்தார்கள். ஒரு விசில் கொடுத்தால் நிறுத்து, இரண்டு கொடுத்தால் போ. பஸ்ஸுக்கு இருக்கிற வேதமே இவ்வளவுதான். ஒரு நாள் காலையில் ஒரு தையல்காரர் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். முழுசாக நிற்பதற்குள் பஸ் மறுபடி நகர்ந்துவிட்டது. ஆள் விழுந்தார். பின்சக்கரம் அவருடைய இடது காலில் ஏறி இறங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் டிரைவர், "ரெண்டு விசில் கேட்டுது, வண்டியை எடுத்தேன்" என்றார். கண்டக்டர், "ஒண்ணுதான் குடுத்தேன், நிறுத்தச் சொல்லித்தான் குடுத்தேன்" என்றார். விசாரணை அதிகாரி, இங்கேயே ஊதிக் காட்டுங்கள் என்றார். கண்டக்டர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிதானமாக ஒன்று ஊதினார். சுத்தமான ஒற்றை விசில். அறையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். டிரைவரைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காது நன்றாகவே கேட்டது. அது அவருக்கு இன்னும் கெடுதலாகப் போயிற்று. காது கேட்கிறவன் விசிலைத் தப்பாகக் கேட்டான் என்றால் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் ஸ்டீயரிங் அவர் கைக்குத் திரும்பி வரவே இல்லை. ஓய்வு பெறுகிறவரை டிப்போவில் டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் பொய் சொன்னார் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். அவர் ஒரே ஒரு முறைதான் ஊதினார். அதில் அவருக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை. மனிதருக்கு வாழ்க்கையில் எத்தனையோ விஷயத்தில் குழப்பம் இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் இல்லை. அதனால்தான் டிரைவர் ஒவ்வொரு தடவை குத்திப் பேசும்போதும் அவருக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வரும். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் பதினெட்டு வருஷமாகத் தன்னை வைதால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

தையல்காரர் இரண்டு தெரு தள்ளி இன்னும் கடை வைத்திருக்கிறார். கட்டைக்கால் மாட்டிக்கொண்டு, மோட்டார் மெஷினில் தைக்கிறார். தெருவில் டிரைவரைக் கண்டால் காறித் துப்புவார். டிரைவருக்கு முட்டி வலி. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிற ஆள். ஆனாலும் பால் வாங்க அந்தத் தெரு வழியாகப் போகமாட்டார், மூன்று தெரு சுற்றிக்கொண்டு போவார். அந்தத் துப்பல் மட்டும் தன் மேல் விழாமல் போகவேண்டும், சாகிறதுக்குள் ஒருநாளாவது அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவேண்டும், அவருக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

இப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது கண்டக்டரின் மகன். ஊரில் வேறு பெண்ணே கிடைக்காத மாதிரி, தேடிப்போய் டிரைவரின் மகளைக் காதலித்தான். கல்யாணத்தில் இரண்டு அப்பன்களும் ஆளுக்கொரு மூலையில், வெவ்வேறு கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் டிரைவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. மனைவியும் இல்லாத மனிதரைத் தனியாக விடமுடியாமல் மகள் தன்னோடு மாடிக்குக் கூட்டிவந்துவிட்டாள். மகனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். ஆக, இந்தச் சண்டையைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற தொந்தரவு அவனுக்கு இல்லை.

கூட்டைத் திறந்துவிட்ட அந்த முதல் நாள், கண்டக்டர் பதினான்கு குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே திணித்தார். ஏழாவதைத் திணிக்கும்போது மூன்றாவது வெளியே வந்தது. ஒன்று பறந்துபோய் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தது. ஒன்று கொத்தியதில் கட்டைவிரலில் ரத்தம். மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏங்க, கோழிய அடைக்கிறீங்களா, கோழி உங்கள அடைக்குதா?" என்றாள். மேலே கைத்தடி இரண்டு தட்டுத் தட்டியது. சந்தோஷத் தட்டு.

வேலையிலிருந்து வந்த மருமகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் விளக்கினாள். "கூட்டுக்குள்ள இருட்டா இருக்கு மாமா. வெளியில இன்னும் வெளிச்சம். அதுங்க வெளிச்சத்தை விட்டுட்டு இருட்டுக்குள்ள போகாது. உள்ள ஒரு பல்பு போடுங்க. மத்தியானத்துக்கு மேல வெளியில தீனி போடாதீங்க. சாயங்காலத் தீனியைக் கூட்டுக்குள்ள மட்டும் வைங்க. அப்புறம் தினமும் ஒரே மாதிரி சத்தம் குடுத்துக் கூப்பிடுங்க. எல்லாம் பழகிடும்."

ஒரே மாதிரி சத்தம் என்றதும் கண்டக்டர் கண்ணில் ஒரு மின்னல். சாவி மாட்டுகிற ஆணியிலிருந்து பழைய விசிலை எடுத்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அவர் வாயில் இருந்த அதே விசில். இரண்டு ஊதினால் உள்ளே போக வேண்டும். ஒன்று ஊதினால் அவரிடம் வரவேண்டும். அதாவது, காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒன்று ஊதிக் கை நிறையத் தானியம் போடுவது, சாயங்காலம் இரண்டு ஊதி உள்ளே தீனி வைப்பது. மாடியில் இருக்கிறவன் காது குளிரக் கேட்கட்டும் என்று ஒரு எண்ணமும் உள்ளூர இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

டிரைவர் சும்மா இருப்பாரா? மறுநாளிலிருந்து சரியாக ஐந்தரை மணிக்குப் பால்கனியிலிருந்து ரஸ்க் மழை பெய்ய ஆரம்பித்தது. பிய்த்துப் பிய்த்துக் கொல்லைக்குள் போடுவார். குஞ்சுகள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பால்கனிக்கு அடியிலேயே நிற்கும். கண்டக்டர் இங்கே பல்பைப் போட்டு, தீனியை வைத்து, கன்னம் உப்ப விசில் ஊதிக்கொண்டிருப்பார். எவன் திரும்பிப் பார்க்கிறான்?

"அறிவிருக்கா? பசியோட இருந்தாத்தான் அதுங்க உள்ள போகும்!"

"நான் ரஸ்க் தின்றேன்யா. பல்லு ஆடுது, கொஞ்சம் கீழ விழுது. அதுக்கும் ஒரு விசாரணை வைப்பியா?"

"உனக்குக் காது போச்சுன்னு நெனச்சேன். பல்லும் போச்சா?"

"காதா? என் காதுக்கு டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. உன் வாய்க்கு எவன் குடுத்தான் சர்டிபிகேட்?"

இந்தச் சண்டையில் நாலாவது நாள் ஒரு குஞ்சு பலியானது. பால்கனிக்கு அடியிலேயே சுவரோரமாக ஒடுங்கிவிட்ட அதைக் கண்டக்டர் கவனிக்கவில்லை. விடிந்தபோது கொஞ்சம் இறகுகள்தான் கிடந்தன. பூனையோ என்னவோ. மருமகள் அந்த இறகுகளைப் பொறுக்கி ஒரு முறத்தில் வைத்துக்கொண்டு, முதலில் மாடிக்குப் போனாள், பிறகு கீழே வந்தாள். இரண்டு இடத்திலும் காட்டிவிட்டு மட்டும் போனாள். அன்றோடு ரஸ்க் நின்றது. வாய்ச்சண்டை நிற்கவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் குஞ்சுகள் பழகிவிட்டன. அந்தப் பெருமையைக் கண்டக்டரிடமிருந்து பிடுங்கக் கூடாது. ஆறு மணிக்கு பல்பைப் போடுவார், இரண்டு விசில் கொடுப்பார். கறுப்புக் குஞ்சு முதலில் பலகையில் ஏறும், மற்றவை வரிசையாகப் பின்னால் போகும். பதின்மூன்றும் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மாடியைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார். காலையில் ஒன்று ஊதினால் அத்தனையும் இறக்கையை விரித்துக்கொண்டு அவர் காலடிக்கு ஓடி வரும். "பாத்தியா? ஒண்ணுன்னா ஒண்ணு, ரெண்டுன்னா ரெண்டு. கோழிக்கே வித்தியாசம் தெரியுது. சில மனுஷங்களுக்குத்தான் தெரியல" என்று மனைவியிடம் சொல்வார், மாடிக்குக் கேட்கிற மாதிரி.

அதைக் கேட்டதும் டிரைவர் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டால் கண்டக்டருக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகள் கொல்லைக் குழாயடியில் தீனித்தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் பக்கவாட்டுச் சந்து வழியாக மேய்ந்துகொண்டே முன்வாசலை நெருங்கிவிட்டன. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் கேட்டைச் சாத்தாமல் போயிருந்தான். தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

மாடியின் முன்பக்க ஜன்னலிலிருந்து டிரைவர்தான் பார்த்தார். "யோவ்! கேட்டு தொறந்து கெடக்கு! எல்லாம் லாரிக்கு அடியில போகப்போகுது! எத்தனை உசுரத்தான்யா நீ சக்கரத்துக்குக் குடுப்பே?"

கண்டக்டருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. ஓடிவந்தார். குஞ்சுகளைத் தன்னிடம் கூப்பிடவேண்டும், அதற்கு ஒற்றை விசில். கழுத்தில் தொங்கியதை வாயில் வைத்து, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரே ஊதாக ஊதினார்.

குஞ்சுகள் திரும்பின. திரும்பி, அவர் கால்களுக்கு இரண்டு பக்கமும் புகுந்து, சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடி, பலகையில் ஏறி, பட்டப்பகலில், பல்பு இல்லாத, தீனி இல்லாத கூட்டுக்குள் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

கேட்டைச் சாத்திவிட்டு வந்த கண்டக்டர் கூட்டைப் பார்த்துத் திகைத்தார். "சனியனுங்க. ஒண்ணுதானே ஊதினேன்? எதுக்கு உள்ள போகுது?" அதே கோபத்தோடு இன்னொரு முறை ஊதினார். வாசலில் நின்ற இரண்டு குஞ்சுகளும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப்போயின.

மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. அந்தப் படி நேரே கேட்டுக்குப் போகிற படி. மாடிக்குக் குடிவந்த இந்த இரண்டு வருஷத்தில் டிரைவர் ஒருநாளும் கொல்லைப் பக்கம் வந்ததில்லை. இன்றைக்கு வந்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கி, முகத்தில் சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் வந்து நின்றார்.

"இப்ப எத்தனை ஊதினே?"

"ஒண்ணு."

"கோழிங்களுக்கு எத்தனை கேட்டுது?"

கண்டக்டர் கூட்டைத் திரும்பிப் பார்த்தார். "கோழிக்கு என்ன தெரியும்? பயந்து ஓடியிருக்கும்."

"மறுபடியும் ஊது. நிதானமா ஊது."

"நீ யாருய்யா எனக்கு உத்தரவு போட?"

"ஊதுங்க மாமா" என்றாள் மருமகள். கழுவிய தட்டைக் கையில் வைத்தபடியே எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த கண்டக்டர், விசிலை வேட்டி நுனியில் துடைத்துவிட்டு, நிதானமாக ஒன்று ஊதினார். சுத்தமான ஒற்றை விசில். கூட்டுக்குள்ளிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது. பிறகு பதின்மூன்றும் தடதடவென்று இறங்கி அவர் காலடிக்கு ஓடி வந்தன.

"இது விசாரணை ரூம்ல ஊதினது" என்றார் டிரைவர். "நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு. இதைக் கேட்டுத்தான் எல்லாரும் தலையாட்டினாங்க. இப்ப பஸ்ல ஊதினதை ஊது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? அந்த ஆக்ஸிடென்டுக்கு முன்னாடியே ரெண்டு தடவை சொன்னேன்ல, கோவமா இருக்கும்போது உன் விசில் பிசகுதுன்னு? செவிடன்னு சொன்னே." டிரைவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "உன் மகன் ஏன் கப்பலுக்குப் போனான்னு தெரியுமா உனக்கு? சம்பளத்துக்குன்னு நெனச்சுட்டிருக்கே. உன் மூஞ்சில முழிக்க முடியாமத்தான்யா போனான். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொன்னான். எங்க அப்பாகூட ஒரே வீட்ல என்னால ஆறு மாசத்துக்கு மேல இருக்க முடியாதுன்னான். அதான் ஆறு மாசம்."

"அப்பா!" என்றாள் மகள்.

கண்டக்டரின் முகத்தில் ரத்தம் ஏறுவது எல்லாருக்கும் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை வராதபோது முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோயிற்று. ஒன்று, ஒரே ஒரு ஊது. கன்னம் இரண்டும் உப்ப, எச்சில் தெறிக்க, முழு மூச்சையும் கொட்டி ஊதினார்.

வேகம் தாங்காமல் விசிலுக்குள் இருந்த சின்ன உருண்டை ஒரு நொடி சிக்கியது. சத்தம் பட்டென்று அறுந்தது. உருண்டை விடுபட்டதும் மீதிச் சத்தம் வந்தது. பீ. பீ.

குஞ்சுகள் தானியத்தை எதிர்பார்த்து நின்ற இடத்திலிருந்து திரும்பி, வரிசையாகக் கூட்டுக்குள் போயின.

கண்டக்டருக்கு இந்தத் தடவை அது கேட்டுவிட்டது. இத்தனை வருஷமாக ஊதுகிறவராகவே இருந்தவருக்கு, கேட்கிறவராக இருக்க ஒருநாளும் தோன்றியதில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "பழைய விசில்..." என்று ஆரம்பித்து மனைவி பக்கம் திரும்பினார். இந்த மாதிரி நேரத்தில் அவள் எப்போதும் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவாள்.

"ரெண்டுதாங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு, கையில் இருந்த ஈரத்துணியை உதறாமல் அப்படியே பக்கெட்டில் போட்டாள்.

கண்டக்டர் குழாயடித் திட்டில் உட்கார்ந்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் எட்டு வயதிலிருந்து, காற்றடித்துக் கறுத்துப்போன கைகளோடு வீட்டுக்கு வருகிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். இவருக்கு தினமும் சாப்பாடு போடுகிறவள்.

"நான் வேணும்னு செய்யலய்யா" என்றார் டிரைவரிடம்.

"நானுந்தான் வேணும்னு ஏத்தல. அன்னைக்கு யாராவது அதைக் கேட்டாங்களா?"

"மன்னிச்சுடு."

"அதை வச்சு நான் என்ன பண்றது? எழுந்திரு. தையக்காரர் கடைக்கு வா."

"நாளைக்குப் போலாம்பா" என்றாள் மகள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து.

"இன்னைக்கே. நாளைக்குள்ள இவன் மனசுல ஒரு வக்கீல் வந்து உக்காந்துடுவான்."

இரண்டு பேரும் போனார்கள். டிரைவர் முன்னால், கண்டக்டர் பின்னால். டிரைவர் முட்டி வலியோடு நின்று நின்று நடந்தார்; ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கண்டக்டரும் நான்கடி தள்ளி நிற்கவேண்டியதாயிற்று. முந்திக்கொண்டு போகத் தைரியம் இல்லை. திரும்பிப் போகலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. டிரைவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை, வருகிறானா என்று கூடப் பார்க்கவில்லை. அதனாலேயே போகமுடியவில்லை.

தையல்காரர் மெஷினில் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடை வாசலில் டிரைவரைக் கண்டதும் அவருக்கு நம்ப முடியவில்லை. பிறகு வாயைக் குவித்தார்.

"இருங்க. துப்பறதுக்கு முன்னாடி இவரு சொல்றதைக் கேளுங்க" என்றார் டிரைவர்.

கண்டக்டர் சொன்னார். கோழியில் ஆரம்பித்தது தப்பு. ஆனால் வேறெங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கூடு, பல்பு, ஒரு விசில், இரண்டு விசில் என்று தடுமாறித் தடுமாறிச் சொல்லி, கோபத்தில் ஊதினால் தன் ஒற்றை விசில் இரண்டாக உடைகிறது, அன்றைக்கும் அப்படித்தான் உடைந்திருக்க வேண்டும், டிரைவர் சொன்னதுதான் நிஜம் என்று முடித்தார்.

தையல்காரர் மெஷினை அணைத்தார்.

"கோழி சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

கண்டக்டர் கழுத்தில் கிடந்த விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"இவரு சொன்னாரே. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, மனுஷன், வாயத் தொறந்து சொன்னாரே. அப்ப தெரியல உனக்கு. கோழி சொன்னதும் தெரிஞ்சுடுச்சு." டிரைவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எத்தனை தடவை துப்பியிருப்பார் என்று அவர் மனம் எண்ணிப் பார்த்திருக்கும். பிறகு கண்டக்டரிடம் திரும்பினார். "கோவத்துல ஊதினா உடையுதுங்கறே. அன்னைக்குக் காலையில யார் மேல கோவம் உனக்கு?"

கண்டக்டருக்கு அந்தக் காலை மறக்கவில்லை. ஒவ்வொரு விவரமும் ஞாபகம் இருந்தது. விசிலோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றியதில்லை. பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. யாரோ ஒரு பயணி என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பக்கத்தில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க மேலதான்" என்றார்.

"எம் மேலயா? நான் என்ன பண்ணேன்?"

"துணி மூட்டையப் படியில வச்சிருந்தீங்க. எடுங்கன்னு சொன்னேன். நாலு பேர் முன்னாடி என்னைப் பாத்து சிரிச்சீங்க. எனக்கு... தாங்கல. இறங்கித் தொலைன்னு சொல்லிட்டு ஊதினேன்."

தையல்காரர் தன் கட்டைக்காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சிரிச்சதுக்கா?" என்று மட்டும் கேட்டார். அதைக் கண்டக்டரிடம் கேட்ட மாதிரியும் இல்லை.

கண்டக்டர் அந்தத் துப்பலுக்காகக் காத்து நின்றார். அது தன் முகத்தில் விழட்டும், துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது அவருக்கு. ஆனால் தையல்காரர் துப்பவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து, மேலே கிடந்த துணித்துண்டுகளைத் தட்டிவிட்டு, டிரைவரைப் பார்த்து, "உக்காருங்கய்யா. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கீங்க" என்றார். டிரைவர் உட்கார்ந்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். தையல்காரர் எதிர்க்கடைக்காரனிடம் இரண்டு டீ சொன்னார். மூன்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், இவர் இன்னும் நிற்பதை டிரைவர் கவனித்தார்.

"நீ போ. நான் மெதுவா வரேன்" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் டிரைவர் அவரிடம் கோபமில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. எத்தனையோ வசவுகளைத் தாங்கியிருந்த கண்டக்டரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.